ஓய்வுக்குப் பின் முதல் குண்டு மட்டும் மேலே ஏறுகிறது: 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ரெகுலேட்டர் கோளாறா?

துக்ளகாபாத்_காலை
வணக்கம். மகள் சுடும் ரைஃபிள், 200 பார் (அழுத்த அலகு) காற்றுச் சிலிண்டர் வகை. வாங்கி நான்கு வருடம் ஆகிறது. பெல்லட் (சிறு ஈயக் குண்டு) 0.53 கிராம். டெல்லி கர்ணி சிங் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பயிற்சி. அரை நிமிட இடைவெளியில் தொடர்ந்து சுட்டால் குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) 174, 173, 174, 175, 174 மீட்டர்/விநாடி. ஐந்து நிமிடம் விட்டுச் சுட்டால் முதல் குண்டு 181. அடுத்தது 175, பிறகு வழக்கம்போல். அந்த முதல் குண்டு 12 மணி திசையில், அதாவது நேர் மேலே, 9.4 மதிப்பெண் இடத்தில் போய் விழுகிறது. சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் தரும் ரெகுலேட்டரைக் கழற்றலாமா?

நாலரை_மில்லி
கழற்றாதீர்கள், முதலில் கணக்கைப் பார்ப்போம். 174-ல் பெல்லட் 10 மீட்டரைக் கடக்க 0.0575 விநாடி, அதற்குள் 16.2 மி.மீ. கீழே இறங்கும். 181-ல் 15 மி.மீ. ஆக, வேக வித்தியாசம் குண்டை உயர்த்துவது 1.2 மி.மீ. மட்டுமே. இலக்குத்தாளில் கால் மில்லிக்கு 0.1 மதிப்பெண் என்பதால் போவது சுமார் 0.5. நட்ட நடுவில் (10.9) விழ வேண்டியது 9.4 ஆக வேண்டுமானால் ஏறக்குறைய 4 மி.மீ. ஏற வேண்டும். மீதி 2.5 மில்லிக்கு மேல் எங்கிருந்து வருகிறது? அதுதான் எனக்குப் பெரிய கேள்வி. உட்கார்ந்து எழுந்தபின் கன்னம் வைக்கும் இடமோ, இடுப்பு நிலையோ மாறியிருக்கலாம். ஸ்டாக் (ரைஃபிளைத் தாங்கும் வெளிச்சட்டம்) திருகு தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

ஸ்டாக்கைக் கழற்றி, குழலும் இயக்கப் பகுதியும் சேர்ந்த ஆக்‌ஷனை மட்டும் கிளாம்பில் இறுக்குங்கள். ஒரே டப்பா பெல்லட். ஐந்து குண்டு, ஐந்து நிமிட ஓய்வு, மறுபடி ஐந்து. இதை மூன்று சுற்று செய்யுங்கள். கூடவே 2, 5, 15 நிமிட ஓய்வுக்கு வேகத்தைத் தனித்தனியாகக் குறியுங்கள். ஓய்வு நீள நீள வேகமும் ஏறினால் ரெகுலேட்டர் கசிகிறது, சந்தேகமே வேண்டாம். எவ்வளவு நேரம் விட்டாலும் அதே 181 என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஹால் ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே குரோனோகிராஃபை வைக்க வேண்டாம். ஒளியை உணர்ந்து அளக்கும் கருவிக்கு ட்யூபின் சிமிட்டல் பொய்க் கணக்குக் கொடுக்கும்.

துக்ளகாபாத்_காலை
செய்து பார்த்தோம். 2 நிமிடம் 177. 5 நிமிடம் 181. 15 நிமிடம் 187. கிளாம்பில் ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின் முதல் குண்டு மூன்று சுற்றிலும் ஒரு மில்லிக்குக் கொஞ்சம் மேலே. நீங்கள் சொன்ன அளவுதான்.

ஓ_ரிங்
அப்போ ரெண்டு வியாதி சார். ஒண்ணு ரெகுலேட்டர் சீட், இன்னொண்ணு பாப்பாவோட பொசிஷன் (நின்னு சுடுற நிலை). பொசிஷனைக் கோச் பார்க்கட்டும், சீட்டை நான் சொல்றேன்.

ரெகுலேட்டருக்குள்ள பிஸ்டன் முனை சின்ன பிளாஸ்டிக் சீட்ல போய் உட்காரும். சீட்ல தூசியோ பித்தளைத் துகளோ ஒட்டினா, இல்ல வட்டமா பள்ளம் விழுந்தா, முழுசா மூடாது. சிலிண்டர் காத்து நூல் நூலா உள்ள இறங்கி, 70 பார் சுமாருக்கு நிக்க வேண்டிய அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கும். உங்க ரைஃபிள்ல வேகம் கூடுது. சில மாடல்ல தலைகீழ்: அழுத்தம் ஏறி வால்வை இறுக்கிப் பிடிக்கும், சுத்தியல் அடிச்சாலும் சரியாத் திறக்காது, முதல் குண்டு வேகம் குறையும். நோய் ஒண்ணுதான்.

முதல்ல சிலிண்டரைக் கழட்டிடுங்க. பெல்லட் இல்லாம, குழலைப் பாதுகாப்பான பக்கம் வெச்சு, காத்துச் சத்தம் சுத்தமா நிக்கிற வரைக்கும் சுடுங்க. அழுத்தம் மிச்சமிருக்கும்போது ஒரு திருகையும் தொடக்கூடாது. அட்ஜஸ்ட்மென்ட் திருகு இருக்கிற இடத்தை மார்க் பண்ணிக்குங்க. உள்ள கிண்ணம் மாதிரி வளைஞ்ச ஸ்பிரிங் வாஷர் அடுக்கு இருக்கும், எது எந்தப் பக்கம் பார்க்குதுன்னு போட்டோ எடுத்துட்டு வெளிய எடுங்க. ஒண்ணு புரண்டாலும் செட்டிங் போச்சு.

சீட்டைப் பஞ்சு பிசிறாத துணியால துடைங்க. பள்ளம் தெரிஞ்சா புதுசு போடுங்க. பிஸ்டன் முனையை உப்புத்தாளால தேய்க்கிறது பெரிய தப்பு, அதுக்கப்புறம் எந்த சீட்டும் மூடாது. ஓ-ரிங் (காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) கம்பெனி உதிரிபாக கிட்லயே வாங்குங்க. காஷ்மீரி கேட் கடைகள்ல கண்ணளவுக்குப் பொருந்துற வண்டி ஓ-ரிங் கிடைக்கும், அது இந்த அழுத்தத்துக்கு ஆகாது. சிலிக்கான் கிரீஸ் துளி போதும். மெஷின் ஆயில், பெட்ரோலிய கிரீஸ் கிட்டவே வரக்கூடாது. உயர் அழுத்தக் காத்துல எண்ணெய் தீப்பிடிக்கும்.

ரெகுலேட்டர் உடம்புல வெளிக்காத்துக்குப் போற சின்னத் துளை ஒண்ணு இருக்கும். அங்க சோப்புத் தண்ணி வைங்க. குமிழ் வந்தா பிஸ்டன் ஓ-ரிங்கும் போயிருக்கு. அடைப்புன்னு நெனச்சு அந்தத் துளையை மூடிடாதீங்க.

யமுனைக்கரை
ஒன்று சேர்க்கிறேன். இது ஜனவரி. காரிலிருந்து குளிர்ந்த ரைஃபிளை ஹாலுக்குள் கொண்டு வந்ததும் அளக்காதீர்கள், அரை மணி நேரம் வையுங்கள். அவசரமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும். 45 டிகிரியில் 200 பார் காட்டுவது 15 டிகிரிக்கு ஆறினால் 181 தான். கசிவு என்று பதறிக் கழற்றுபவர்கள் நிறைய. உலர்ந்த காற்று மட்டும். ஆக்சிஜன் ஒருபோதும் கூடாது. சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள், பத்து வருடம் தாண்டியதைப் போட்டியில் பயன்படுத்த முடியாது.

துக்ளகாபாத்_காலை
மிக்க நன்றி. கிட் வர நாளாகும். அடுத்த வாரம் 60 குண்டு போட்டி இருக்கிறதே?

நாலரை_மில்லி
ரெகுலேட்டரைப் போட்டிக்கு முன் திறக்கவே வேண்டாம். போட்டி தொடங்கிய பிறகு சைட்டிங் குண்டு (மதிப்பெண்ணில் சேராத சோதனைக் குண்டு) கிடையாது, எனவே ஏறிய அழுத்தத்தை வெறுமனே சுட்டுத் தீர்க்க வழியில்லை. ஆனால் உங்கள் அளவின்படி 2 நிமிட இடைவெளியில் குண்டு ஏறுவது அரை மில்லிதான், இழப்பு 0.2. 75 நிமிடத்தில் 60 குண்டு என்றால் சராசரி ஒண்ணேகால் நிமிடம். நீண்ட ஓய்வு ஒன்றுக்குப் பதிலாக ஒன்றரை நிமிட ஓய்வுகளாகப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். உட்கார வேண்டாம், காலை நகர்த்தாமல் ரைஃபிளை ஸ்டாண்டில் இறக்கி வைத்தால் பொசிஷனும் கலையாது.