தாடை மூட்டு வலிக்கு இரவில் ஸ்ப்ளிண்ட் அணிவது பயன் தருமா?

பாலக்கோடு வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்கோட்டில் தையல் வேலை செய்கிறேன். சித்திரை மாதத்திலிருந்து இடது காதுக்கு முன்புறம் வலி இருக்கிறது. கொட்டாவி விடும்போது 'டக்' என்று ஒலி கேட்கிறது. காலையில் எழும்போது கன்னத்துச் சதை இறுகிக் கிடக்கிறது. காதுவலி என்று எண்ணிக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றபோது, காதில் குறை ஏதும் இல்லை, பல் மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

தருமபுரியில் பார்த்த பல் மருத்துவர், நான் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாகவும் கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருப்பதாகவும் கூறி, மேல்வரிசைக்குக் கெட்டியான அக்ரிலிக் ஸ்ப்ளிண்ட் (பற்களின்மேல் கழற்றி மாட்டும் உறை) செய்து இரவில் அணியச் சொன்னார். இன்னோர் இடத்திலோ, பற்கள் சரியாகப் பொருந்தவில்லை, சிலவற்றைத் தேய்த்துச் சமன் செய்தால் வலி நின்றுவிடும் என்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார், வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைத்துக்கொள்ளும் உறை இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வு பெற்ற பல் மருத்துவர், தருமபுரி:

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பற்களைத் தேய்த்துச் சமன் செய்ய இப்போது சம்மதிக்காதீர்கள். தேய்த்த எனாமல் மீண்டும் வளராது. ஸ்ப்ளிண்ட் ஒத்துவரவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம். தேய்த்த பல்லை அப்படிச் செய்ய முடியாது.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், கீழ்த்தாடை எலும்பின் முண்டு முன்னும் பின்னும் நகர்வதை உணரலாம். அந்த முண்டுக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவே மெத்தைபோல் ஒரு வட்டு இருக்கிறது. அது இடம் சற்று முன்னே விலகியிருந்து, வாய் திறக்கும்போது முண்டின்மேல் திரும்ப வந்து அமர்வதுதான் பெரும்பாலும் அந்த 'டக்' ஒலிக்குக் காரணம். வலியில்லாமல் ஒலி மட்டும் இருந்தால் எந்த மருத்துவமும் தேவையில்லை. ஆனால் காலையில் கன்னம் இறுகியிருப்பதைப் பார்த்தால், உங்களுக்கு மூட்டைவிட மெல்லும் தசையில்தான் பெரும்பாதி வலி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஸ்ப்ளிண்ட் பற்றிய சான்றுகளை மறைக்காமல் சொல்வதுதான் முறை. 2020 இல் பிரிட்டனில் 52 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஸ்ப்ளிண்ட் அணியாதவர்களைவிட அணிந்தவர்களுக்கு வலி குறைந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும், இருக்கும் சான்றுகளே மிகவும் பலவீனமானவை என்றும் எழுதினார்கள். 2023 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் தாடை வலிக்கு, மேற்பார்வையுடன் செய்யும் தாடைப் பயிற்சியையும் தசையைக் கையால் நீவித் தளர்த்துவதையும் மனப்பழக்கச் சிகிச்சையையும் (வலியைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றுவது) உறுதியாகப் பரிந்துரைத்தது. கழற்றி மாட்டும் ஸ்ப்ளிண்டை வலிக்காகத் தருவதைப் பொதுவாகத் தவிர்க்கலாம் என்றது. கடியை, அதாவது மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்தை, நிரந்தரமாக மாற்றிவிடும் வகையைக் கண்டிப்பாக வேண்டாம் என்றது.

அப்படியானால் உங்கள் மருத்துவர் சொன்னது தவறா என்றால், இல்லை. பல் தேய்வதைக் கண்ணால் பார்த்தபின் அதைக் காப்பதற்கு ஓர் உறை தருவது நியாயமே. உறை தேய்வதற்குத்தான் போடுகிறோம், பல் தேயாமல் இருக்கட்டும் என்று. வலி குறைந்தால் அது கூடுதல் ஆதாயம். ஆனால் பகலில் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்துவிட்டு இரவில் மட்டும் உறை போட்டால் பயன் குறைவு. உதடு மூடியிருக்கும்போதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதுதான் தாடையின் இயல்பான ஓய்வு நிலை. தையல் வேலை என்கிறீர்கள். நூலைப் பல்லால் அறுப்பது, குண்டூசியைப் பல்லிடுக்கில் பிடித்துக்கொள்வது, இவை உண்டா?

பல் ஆய்வகத் தொழில்நுட்பர், கிருஷ்ணகிரி:

இணையத்தில் வாங்கும் உறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மருத்துவர் சொல்லிவிட்டார். வெந்நீரில் மென்மையாகும் உறை ரப்பர்போல் இருப்பதால் சிலர் அதைத் தூக்கத்தில் மென்றுகொண்டே இருப்பார்கள், தசைக்கு ஓய்வு கிடைக்காது. எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் படும்படி அதைச் சரிசெய்யவும் வழியில்லை. இதைவிட மோசம், முன்பற்களை மட்டும் மூடும் சிறிய உறை. அதை நீண்ட நாள் அணிந்தால் எதிரில் தடையில்லாத கடைவாய்ப் பற்கள் மெல்ல எழும்பி, கடியே மாறிவிடக்கூடும்.

கெட்டியான ஸ்ப்ளிண்ட் செய்யும் வேலை பல் செட் செய்வதைப் போன்றதே. ஆல்ஜினேட் மாவில் அளவெடுத்து, அதில் டென்டல் ஸ்டோன் (கெட்டியாக இறுகும் ஜிப்சம் மாவு) கரைத்து ஊற்றி அச்சு எடுத்து, மெழுகில் பதித்த கடியை வைத்து மேல், கீழ் அச்சுகளைத் தாடைபோல் திறந்து மூடும் ஆர்ட்டிகுலேட்டர் கருவியில் பொருத்தி, மெழுகில் வடிவம் கட்டி, அதற்குப் பதிலாக அக்ரிலிக் அடைத்து வேகவைக்கிறோம். கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் படியில்தான். ஆல்ஜினேட் காய்ந்தால் சுருங்கும். அரூர், பென்னாகரம் போன்ற ஊர்களிலிருந்து பஸ் பார்சலில் அளவு வரும்போது, ஈரத்துணி உலர்ந்து ஓரங்கள் வெளிறியிருந்தால் அதில் நான் அச்சே ஊற்றுவதில்லை. மறுபடியும் எடுத்து அனுப்பச் சொல்லிவிடுவேன். அளவெடுத்த இடத்திலேயே உடனே அச்சு ஊற்றிவிட்டு அச்சை அனுப்புவதே நல்லது. உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்தும் நாளில் நீல நிறத் தாளைக் கடிக்கச் சொல்லி, ஸ்ப்ளிண்டில் விழும் புள்ளிகளைப் பார்த்து மருத்துவர் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். இருபுறமும் புள்ளிகள் சமமாக விழும்வரை இது தொடரும். மாட்டிவிட்டு உடனே அனுப்பிவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள். கழுவுவதற்குக் குளிர்ந்த நீரே போதும்; வெந்நீர் பட்டாலும் வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியில் வைத்தாலும் அக்ரிலிக் வளைந்துவிடும்.

ஓசூர் தொழிலாளி:

நான் சிப்காட்டில் சுழற்சி முறையில் பணிபுரிகிறேன். நானும் ஸ்ப்ளிண்ட் அணிகிறவன்; இரவுப் பணி வாரத்தில் பகலில் தூங்கும்போது அதை மாட்டிக்கொள்வேன். இரவு என்பது கணக்கில்லை, தூக்கம்தான் கணக்கு. தொடக்கத்தில் எச்சில் அதிகம் ஊறும், பற்கள் இறுக்கிப் பிடித்ததுபோல் இருக்கும், பிறகு பழகிவிடும். காலையில் கழற்றியதும் கடி சற்று மாறியதுபோல் தோன்றும், சிறிது நேரத்தில் சரியாகும். நாள் முழுவதும் சரியாகாமல் இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லும்படி எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் அதே காலத்தில் கன்னத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், பயிற்சிகளும் செய்தேன், தட்டுவடை, முறுக்கு, கரும்பு எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆகவே எது குணப்படுத்தியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உணவைப் பொறுத்தவரை நம் பக்கத்துக்காரர்களுக்குக் கவலையில்லை. கேழ்வரகுக் களியைக் குழம்பில் தோய்த்து விழுங்குவதற்குத் தாடை எதற்கு? குறட்டை விடும் பழக்கமோ தூக்கத்தில் மூச்சுத் திணறலோ இருந்தால் அளவெடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பாலக்கோடு வாசகி:

மிக்க நன்றி. நூலைப் பல்லால்தான் அறுக்கிறேன், அதுவும் இடதுபுறத்தில். ஜாக்கெட் தைக்கும்போது குண்டூசிகளும் வாயில்தான் இருக்கும். இன்றே சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை மிஷினில் கட்டித் தொங்கவிட்டுவிட்டேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மாமியாருக்கும் வாய் திறக்கச் சிரமமாக இருக்கிறது, காரம் பட்டால் எரிகிறது என்கிறார். வெகுகாலமாகப் பாக்கு போடும் பழக்கம் உள்ளவர். அவருக்கும் சேர்த்து ஒரு ஸ்ப்ளிண்ட் செய்யலாமா?

ஓய்வு பெற்ற பல் மருத்துவர், தருமபுரி:

வேண்டாம் அம்மா, அது முற்றிலும் வேறு சிக்கலாக இருக்கலாம். பாக்கு மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத் தோல் வெளுத்து, நார்போல் இறுகி, வாய் திறப்பு சிறிது சிறிதாகக் குறையும். காரம் எரிவது அதன் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. நாளடைவில் சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறக்கூடும். அவருடைய விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு இடையே நுழைகின்றனவா என்று பாருங்கள். நுழையாவிட்டாலும் நுழைந்தாலும், பாக்கை இன்றே நிறுத்தச் சொல்லி, இந்த வாரமே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஸ்ப்ளிண்ட் சில வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. அதற்குள் ஒத்தடத்தையும் பயிற்சியையும் தொடங்கிவிடுங்கள். அவரை முதலில் காட்டுங்கள்.