கனடா நிரந்தர வதிவிட விண்ணப்பம்: பத்து வருட விபரத்தில் ஓர் ஓட்டை

வணக்கம் உறவுகளே. போன மாதம் என் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டது. இப்போது நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பம் நிரப்புகிறேன். வவுனியாவில் இருக்கும் மனைவி, பிள்ளைகளையும் அதிலேயே சேர்க்கிறேன்; அது சரி. ஆனால் கடந்த 10 வருட விபரத்தை இடைவெளி விடாமல் எழுத வேண்டுமாம். 2019இல் ஏழு மாதம் கொழும்பில் மூன்று லொட்ஜ் மாறி இருந்தேன். வேலையும் இல்லை, ஒரு துண்டு ரசீதும் இல்லை. "வேலையில்லை" என்று எழுதி, ஞாபகத்தில் உள்ள முகவரியைப் போட்டால் போதுமா? விசாரணையில் சொன்ன திகதிகளோடு முரண்படுமோ என்றுதான் பயம்.

கடவுச்சீட்டை முகவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும்தான் கையில். இலங்கைத் தூதரகத்தில் புதிதாக எடு என்கிறார் அறை நண்பர். அப்படி எடுத்தால் கிடைத்த பாதுகாப்பே பறிபோகலாம் என்று சட்டத்தரணி எச்சரித்திருக்கிறார். கடவுச்சீட்டு இல்லாமல் விண்ணப்பித்த ஆட்கள் என்ன இணைத்தீர்கள்?