மறு: ‘அதிகார வரம்பின்மை’ என்று எழுதலாமா?

அன்புடையீர்,

நாகர்கோவில் மாணவர்களுக்காக, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் மேல்முறையீட்டுப் பகுதிக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன். திங்களன்று அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். பிரிவு 415-இன்படி, பொதுவாகக் குற்றவியல் நடுவர் தண்டித்தால் அமர்வு நீதிமன்றத்துக்கும், அமர்வு நீதிபதி தண்டித்தால் உயர் நீதிமன்றத்துக்கும், அதாவது நமக்கு மதுரைக் கிளைக்கும், செல்ல வேண்டும். மன்றம் மாறித் தாக்கலான மேல்முறையீடு, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்ற ஆய்வுக்கே போகாமல் ‘அதிகார வரம்பின்மையால்’ (அதை விசாரிக்க அம்மன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற பொருளில்) தள்ளுபடியாகிறது என்று எழுதுகிறார்கள். அளவின்மை, எல்லையின்மை போல வரம்பின்மையும் வரம்பே இல்லாத நிலையைத்தானே குறிக்கும்? கட்டற்ற அதிகாரமுள்ள மன்றம் என்ற நேர்மாறான பொருளல்லவா வருகிறது?

தக்கலையிலிருந்து:

ஐயா, வரப்பும் வரம்பும் ஒரே சொல். மலையாளத்தில் வயல்வரப்பை இன்றும் வரம்பு என்றே சொல்கிறார்கள். வரப்பு, அயல்வயலைப் பிரிப்பதோடு தன் வயலின் நீரையும் நிறுத்துவதால், வரம்பு என்ற சொல்லில் தடையோடு உடைமையும் உண்டு. ஆயினும் ‘இன்மை’ சேர்ந்தவுடன் உடைமைப் பொருள் அழிந்துவிடுகிறது என்பதை ஒப்புகிறேன். ‘தேர்ந்துசெய் வஃதே முறை’ என்றார் வள்ளுவர். நீதி என்னும் அந்த முறையை வேண்டுவதே முறையீடு. இத்தனை நல்ல சொல்லுக்குப் பக்கத்தில் அதிகாரம் என்ற வடசொல் எதற்கு? ‘மன்றுரிமையின்மை’ என்று ஆளுங்கள்.

குழித்துறையிலிருந்து:

மன்றுரிமை என்றால் என் கட்சிக்காரர், மன்றத்தில் பேச தமக்கு உரிமையில்லை என்று எண்ணிக்கொள்வார். எனக்குப் பெரிய கவலை ‘தள்ளுபடி’ பற்றியது. அச்சொல்லைக் கேட்டதும் வழக்கே தோற்றதென்று நகலை நாலாக மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டு ஊர் திரும்புகிறவரை நான் பார்த்திருக்கிறேன். உரிய மன்றத்தின் கதவு அவருக்குத் திறந்தே இருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில், மேல்முறையிட உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், பிற மன்றத்துக்கு 30 நாள் (மரண தண்டனைக்கு வேறு கணக்கு); கடந்துவிட்டால், தவறான மன்றத்தில் நல்லெண்ணத்தோடு கழிந்த நாள்களைக் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். ஆகவே ‘விசாரிக்க இம்மன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தள்ளுபடி’ என வாக்கியமாகவே எழுதுங்கள். சொல் நீண்டாலும் மனிதர் பிழைப்பார்.

நாகர்கோவிலிலிருந்து:

இருவருக்கும் நன்றி. இதற்குள் எழுதிய மற்றவர்களில் பெரும்பாலோர் ‘அதிகாரமின்மை’ போதும் என்கிறார்கள். தலைப்பில் அதையும், விளக்கத்தில் குழித்துறையாரின் வாக்கியத்தையும் வைக்கிறேன்.

தக்கலையிலிருந்து:

அச்சேறட்டும், தடுக்கவில்லை. ஆனால் பிற வழக்குகளில் முழு அதிகாரமுள்ள ஒரு மன்றத்தை, இந்த ஒரு வழக்கைக் கொண்டு ‘அதிகாரமற்றது’ என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடியும் எழுதுவேன்.