கார்ன்ஃப்ளேக்ஸ் சாக்லேட் வெளியே வச்சா உருகிடுது, சீக்கிரம் யாராவது சொல்லுங்க

இரண்டு_வாலுங்க_அம்மா
வணக்கம். ஓவன் வேண்டாம், பிள்ளைங்களே செய்யலாம்னு போட்டிருந்த ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் சாக்லேட் செஞ்சு பார்த்தோம். அதுல சொன்ன மாதிரியேதான் கலந்தோம். ஃபிரிட்ஜ்ல நல்லா இறுகிடுது. வெளியே எடுத்து வச்ச கொஞ்ச நேரத்துலேயே குழகுழன்னு ஆகி பேப்பர் கப்போட ஒட்டிக்குது. சனிக்கிழமை பையனுக்கு பர்த்டே, மொட்டை மாடியில வைக்கிறோம். அவன் கையாலேயே செஞ்சு ஃப்ரெண்ட்ஸுக்குக் கொடுக்கணும்னு ஒரே பிடிவாதம். என்ன பண்ணலாம்? அர்ஜென்ட்.

கோவை_ஓவன்
எந்த ஊர்? என்ன சாக்லேட்? டார்க்கா, மில்க்கா, காம்பவுண்டா? கூட வெண்ணெய், பால் ஏதாவது சேர்த்தீங்களா? இது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாதுங்க.

சமையல்_ராணி_67
தண்ணி பட்டிருக்கும்மா. டபுள் பாய்லர்ல, அதான் கொதிக்கற தண்ணி மேல கிண்ணம் வச்சு உருக்கும்போது ஆவி உள்ளே போயிருக்கும். ஒரு சொட்டு போதும், சாக்லேட் கெட்டுப் போயிடும். கரண்டியைத் துடைச்சு வெயில்ல காய வச்சு எடுங்க.

கோவை_ஓவன்
அக்கா, தண்ணி பட்டா சாக்லேட் உருகாது, கட்டி தட்டி மணல் மாதிரி திரண்டு போகும். இவங்களுக்கு இறுகி, திரும்ப இளகுது. அது வேற விஷயம்.

பேக்கிங்_வாத்தியார்
இந்தக் கேள்வியை மாசத்துக்கு ரெண்டு பேர் கேட்கறாங்க. மேலே ஒட்டி வச்சிருக்கற இழையைப் படிச்சிட்டு வந்தா எல்லாருக்கும் நேரம் மிச்சம். சாக்லேட்டை டெம்பர் பண்ணணும், அதாவது நல்லா கெட்டியா இறுகற மாதிரி சூட்டை ஏத்தி இறக்கிப் பக்குவப்படுத்தணும். 45 டிகிரி வரைக்கும் உருக்கி, 27க்கு இறக்கி, திரும்ப 31க்குக் கொண்டு வரணும். அடிப்படையே தெரியாம குழந்தைங்களை வச்சு செஞ்சா இப்படித்தான் ஆகும்.

தாம்பரம்_தாத்தா
ஃப்ரீசர்ல வச்சு கடைசி நிமிஷத்துல எடுங்க. அவ்வளவுதான். எதுக்கு இத்தனை விஞ்ஞானம்?

கோவை_ஓவன்
ஃப்ரீசர்ல இருந்து எடுத்தா மேல வியர்த்துக் கொட்டும் ஐயா. அந்த ஈரத்தை கார்ன்ஃப்ளேக்ஸ் குடிச்சிடும், அப்புறம் நமுத்துப் போன அப்பளம்தான். ஃபிரிட்ஜ்ல வச்சாலும் மூடின டப்பாவோட வெளியே எடுத்து, குளிர் போற வரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது.

இரண்டு_வாலுங்க_அம்மா
ஊர் சென்னை. சாக்லேட் பார் எதுவும் போடலைங்க. கோகோ பவுடர், சர்க்கரைத் தூள், எண்ணெய், கொஞ்சம் தேன். டியூஷனுக்கு விடப் போறேன், நைட் வந்து பார்க்கறேன்.

கோவை_ஓவன்
என்ன எண்ணெய்ங்க??

புதுமணத்_தம்பதி
ஆமா, என்ன எண்ணெய்? எவ்வளவு?

மெல்பேர்ன்_யாழ்
அக்கா, நீங்கள் போட்ட சாமானுகளைப் பார்த்தவுடனே விளங்கிட்டுது. இது இஞ்ச ஆஸ்திரேலியாவில பிள்ளையளின்ர பேர்த்டே எண்டால் மேசையில கட்டாயம் இருக்கிற சொக்லேட் கிராக்கிள்ஸ். 1937லயே இஞ்சத்தைப் பெண்கள் பத்திரிகையில அந்தக் குறிப்பு வந்திருக்கு. அரிசிப் பொரி மாதிரி ரைஸ் பபிள்ஸ், கோகோ, ஐசிங் சுகர், தேங்காய்த் துருவல், கொஃபா. இந்த கொஃபாவிலதான் விஷயமே இருக்கு. அது ஹைட்ரஜன் ஏத்தி இறுக்கின தேங்காய்க் கொழுப்பு, வெள்ளைக் கட்டியாக் கடையில விக்கும். 36 டிகிரி மட்டில்தான் உருகும். அது கிடைக்காத ஆக்கள் "அதுக்குப் பதிலாத் தேங்காய் எண்ணெய்" எண்டு எழுதி வைக்கினம். சாதாரணத் தேங்காய் எண்ணெய் 24, 25லயே உருகிப் போகும். எங்கட குளிர்காலத்தில அது நிக்கும். சென்னையில எப்பிடி நிக்கும்?

கோவை_ஓவன்
இதுதான். நூத்துக்கு நூறு இதுதான். சென்னையில சமையலறை அலமாரியில இருக்கற தேங்காய் எண்ணெயைப் பாருங்க, மார்கழியில கூட பாதி நாள் தண்ணியாத்தான் கிடக்கும். அதை வச்சுப் பிடிச்ச உருண்டை மே மாசத்துல எப்படி நிக்கும்?

பேக்கிங்_வாத்தியார்
அதனாலதான் நல்ல கூவர்ச்சர் சாக்லேட் (கோகோ வெண்ணெய் நிறைய இருக்கறது) வாங்கி டெம்பர் பண்ணச் சொன்னேன். இங்கே யாரும் படிக்கறதே இல்லை.

கோவை_ஓவன்
சார், நீங்க சொன்ன வெப்பநிலை டார்க் சாக்லேட்டுக்குச் சரி. ஆனா கோகோ வெண்ணெயே 34ல உருகிடும், 30 தாண்டினாலே கையில ஒட்ட ஆரம்பிக்கும். எவ்வளவு அழகா டெம்பர் பண்ணினாலும் சென்னை மொட்டை மாடியில அது தாங்காது. அதுக்கு மேல, தெர்மாமீட்டர் பிடிச்சு பத்து வயசுப் பையன் எங்கே டெம்பர் பண்றது? இந்த வேலைக்கு காம்பவுண்ட்தான் சரி. அதுல கோகோ வெண்ணெய்க்குப் பதிலா தாவரக் கொழுப்பு. உருக்கி ஊத்தினா போதும், தானா இறுகும்.

நலம்_வாழ
குழந்தைங்களுக்குப் போய் காம்பவுண்டா? வனஸ்பதி, டிரான்ஸ் ஃபேட்! இதை சிபாரிசு பண்றீங்களே, மனசு வலிக்குது.

கோவை_ஓவன்
2022 ஜனவரியில இருந்து எண்ணெய், கொழுப்பு எதுலயும் டிரான்ஸ் ஃபேட் 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கு. நிறைகொழுப்பும் சர்க்கரையும் நிறைய இருக்கு, அதை மறுக்கலை. தினமுமா கொடுக்கறோம்? பர்த்டேக்கு ஆளுக்கு ஒண்ணு.

தாம்பரம்_தாத்தா
எதுக்கு இந்தப் பஞ்சாயத்து? பொரி உருண்டை பிடிங்க! கார்த்திகைக்கு எங்க அம்மா பிடிச்சு வச்சா ஒரு வாரம் டப்பாவுல கடகடன்னு கிடக்கும், எந்த வெயிலுக்கும் உருகாது. பொரி, வெல்லம், ஏலக்காய், பல்லு பல்லாக் கீறின தேங்காய். இதை விட்டுட்டு சோளத்தைத் தட்டையாக்கி டப்பாவுல அடைச்சு விக்கறதை வாங்கறாங்க.

நலம்_வாழ
ஐயா சொன்னது தங்கம். நம்ம உணவை நாமதான் பிள்ளைங்களுக்குக் காட்டணும்.

சமையல்_ராணி_67
பொரி உருண்டை எனக்கும் உயிர். ஆனா தாத்தா, பாகு கெட்டிப் பதம் வரணும்னா 120 டிகிரிக்கு மேல கொதிக்கும். அதைப் பொரியில கொட்டி, சூடு ஆறறதுக்குள்ள கையில அரிசி மாவு தொட்டுப் பிடிக்கணும். எனக்கே உள்ளங்கை சிவந்து போகும். குழந்தைங்க அதுல கை வைக்கவே கூடாது. சாக்லேட்டுன்னா 45 டிகிரி, விரல்ல பட்டா நக்கிட்டுப் போயிடுவாங்க.

தாம்பரம்_தாத்தா
பெரியவங்க பிடிக்கட்டும், சின்னவங்க பக்கத்துல உக்கார்ந்து பார்க்கட்டும். நாங்க அப்படித்தான் கத்துக்கிட்டோம்.

மெல்பேர்ன்_யாழ்
ஐயா, அந்தப் பெடியன் தன்ர கையால செய்ய வேணும் எண்டுதானே நிக்கிறான்.

புதுமணத்_தம்பதி
மார்ஷ்மெல்லோ (பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கற மிட்டாய்) உருக்கி பொரியோட கலக்கற அமெரிக்க ஐட்டம் சரி வருமா? வெண்ணெய் கொஞ்சம்தான், மீதி எல்லாம் சர்க்கரை. அது வெயில்ல உருகாதே. 1939ல கெல்லாக்ஸ்ல வேலை பார்த்த மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன்னு ரெண்டு பெண்கள் உருவாக்கினது.

நலம்_வாழ
மார்ஷ்மெல்லோவுல ஜெலட்டின், மாட்டு எலும்பு, பன்றித் தோல்ல இருந்து எடுக்கறது. பர்த்டேக்கு வர்ற மத்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு அவங்க அம்மா அப்பாகிட்ட கேக்காம கொடுக்கறது தப்பு.

புதுமணத்_தம்பதி
பாக்கெட்ல பச்சைப் புள்ளி பார்த்து வாங்கினா போச்சு, சகோ. சைவத்துலயும் வருது.

நலம்_வாழ
சைவ மார்ஷ்மெல்லோ சிலது ஒழுங்கா உருகவே உருகாது. அடி பிடிச்சதுதான் மிச்சம், என் தங்கச்சி வீட்டுல பார்த்தேன்.

பேக்கிங்_வாத்தியார்
இழை எங்கேயோ போயிடுச்சு. கேள்வி கேட்டவங்களையே காணோம்.

கோவை_ஓவன்
அவங்க வந்து பார்க்கும்போது இருக்கட்டும்னு முழுசா எழுதிடறேன்.

காம்பவுண்ட் சாக்லேட் 200 கிராம், கார்ன்ஃப்ளேக்ஸ் 100 கிராம். எண்ணெய் வேண்டாம், பால் வேண்டாம், தேனும் வேண்டாம். தேன் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து கார்ன்ஃப்ளேக்ஸை நமுக்க வச்சிடும். சாக்லேட்டைப் பொடியா நறுக்கி, ஈரமே இல்லாத கிண்ணத்துல போட்டு மைக்ரோவேவ்ல முப்பது முப்பது நொடியா வைங்க. ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்துக் கிளறணும். முக்கால்வாசி உருகினதும் நிறுத்திடுங்க, மீதி கிளறக் கிளறத் தானே உருகும். அதுக்கு மேல சூடு ஏத்தினா களி மாதிரி தடிச்சிடும். இந்த ஒரு வேலையை மட்டும் நீங்க பண்ணுங்க, மைக்ரோவேவ்ல கண்ணாடிக் கிண்ணத்தோட விளிம்பு நல்லா சுடும்.

அப்புறம் கிண்ணத்தைப் பையன்கிட்ட கொடுத்துடலாம். கார்ன்ஃப்ளேக்ஸை ரெண்டு மூணு தடவையாப் பிரிச்சுப் போட்டு, அடியில இருந்து மேல தூக்கித் தூக்கிப் புரட்டணும். குழம்பு கிண்டற மாதிரி கிண்டினா தூளாயிடும். முதல்ல மொறுமொறுன்னு சத்தம் வரும். எல்லாத் துண்டும் சாக்லேட்ல மூடினதும் சத்தம் அடங்கி, எல்லாம் சேர்ந்து ஒரே பாரமா நகரும். அப்போ நிறுத்திடலாம். டீஸ்பூனால சின்ன பேப்பர் கப்புல போட்டு, மேல கலர் மிட்டாய் தூவச் சொல்லுங்க. அதை இறுகறதுக்குள்ளயே தூவணும், அப்புறம் ஒட்டாது. ஃபிரிட்ஜ்ல கால் மணி நேரம் போதும்.

ஒண்ணு முக்கியம். காம்பவுண்டும் மந்திரம் இல்லை. 32, 33 வரைக்கும் நிக்கும். 37, 38 ஆனா அதுவும் இளகும். மாடியில வெயில் தாழ்ந்த பிறகு எடுத்துட்டுப் போங்க. அகலமான தட்டுல ஐஸ் கட்டி பரப்பி, அதுக்கு மேல காய்ஞ்ச தட்டு வச்சு அடுக்குங்க.

சமையல்_ராணி_67
காய்ஞ்ச தட்டுன்னு சொன்னியே தம்பி, அதைத்தான் நானும் சொன்னேன். தண்ணி படக் கூடாது.

மெல்பேர்ன்_யாழ்
வாற பிள்ளையளில ஆருக்கும் கச்சான் (உங்கட வேர்க்கடலை), பால் ஒத்துக்கொள்ளாதோ எண்டு முதலே கேட்டு வையுங்கோ. காம்பவுண்ட் பைக்கற்றிலயும் அதை எழுதியிருப்பினம். இஞ்ச பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறதெண்டால் அதைத்தான் முதல்ல கேட்பினம்.

தாம்பரம்_தாத்தா
பொரியையே காம்பவுண்ட்ல புரட்டினா என்ன?

கோவை_ஓவன்
தாராளமாப் பண்ணலாம் ஐயா, அருமையா வரும். பொரியை வெறும் வாணலியில லேசா வறுத்து, நல்லா ஆற வச்சு சேருங்க. ஆயுத பூஜைக்கு வாங்கற பொரி சீக்கிரம் நமுத்துடும். கார்ன்ஃப்ளேக்ஸை விட லேசுங்கறதால எடை பார்க்காதீங்க, சாக்லேட் மூடற அளவுக்குப் போட்டுட்டே வாங்க.

தாம்பரம்_தாத்தா
பேத்தி வரும்போது பண்ணிப் பார்க்கறேன். வெல்ல உருண்டையும் கூட ஒரு தட்டு இருக்கும்.

இரண்டு_வாலுங்க_அம்மா
தேங்காய் எண்ணெய்தாங்க போட்டிருந்தோம். காம்பவுண்ட் வாங்கி கோவை சொன்ன அளவுல செஞ்சாச்சு. ஆறு மணிக்கு மேல மாடிக்கு எடுத்துட்டுப் போனோம், கடைசி வரைக்கும் நின்னுச்சு. பையனே எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தான். ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

புதுமணத்_தம்பதி
சூப்பர்ங்க. எந்த காம்பவுண்ட் வாங்கினீங்க, டார்க்கா மில்க்கா? போட்டோ இருந்தா போடுங்களேன்.

நலம்_வாழ
இதையே கேழ்வரகு ஃப்ளேக்ஸ்ல செய்யலாமா?

கோவை_ஓவன்
செய்யலாம். கொஞ்சம் தடிமனா, கடிக்கக் கெட்டியா இருக்கும். சின்னக் குழந்தைங்களுக்குன்னா கையால நொறுக்கிட்டுச் சேருங்க.