சுண்ணாம்புக் கொத்தனாரை யுனெஸ்கோ விருதுக்கு அனுப்பலாமா?

கேள்வி: கோயில் திருப்பணியில் அருமையாக வேலை செய்த ஸ்தபதி, கொத்தனார் பெயர்களை யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுக்கு அனுப்பலாமா? என்னென்ன ஆவணம் வேணும்?

பதில் 1: அது ஆளுக்கு இல்லைங்க, வேலைக்கு. 2017-ல் ஸ்ரீரங்கத்துக்கும், பிறகு கும்பகோணம் பக்கம் துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலுக்கும் கிடைச்சது அப்படித்தான். கட்டடம் 50 வருஷம் தாண்டியிருக்கணும். வேலை முடிஞ்சு ஒரு வருஷமாவது புழக்கத்தில் இருக்கணும். கொத்தனார் பேரை விண்ணப்ப அறிக்கைக்குள்ள நீங்கதான் ஏத்தணும்.

பதில் 2: பலரும் கோட்டை விடுறது விண்ணப்பத்தோட வைக்கிற புகைப்படத்தில். எல்லாம் முடிஞ்சு வெள்ளையடிச்ச படம் மட்டும் போதாது. அதே மூலை, அதே உயரம்: வேலைக்கு முன், நடுவில், பின். சுவரோரம் ஓர் அளவுகோல் நிக்கட்டும். சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறிச்சு, மணல் எத்தனை பங்கு, சாந்தில் கலக்குற கடுக்காய்-வெல்லத் தண்ணி எவ்வளவுன்னு அன்றன்றே எழுதி வைங்க. பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பதில் 3: பழைய சிமெண்ட் பூச்சை எடுத்த இடத்தைப் படத்தில் மறைக்காதீங்க. சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைக்கும். உப்பு பூத்து செங்கல் முகம் பொடியா உதிரும். செங்கல் உடையாம அதைக் கொத்தி எடுக்கிறதுதான் கைத்திறன். மணலை வேகமாப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் பண்ணியிருந்தா கல்வெட்டு எழுத்து மழுங்கியிருக்கும், படத்திலேயே தெரிஞ்சிடும்.