தங்கவயலில் நாங்கள் கேட்ட ஏர் பிளாஸ்ட்

நிலநடுக்கத்தில் வீடு ஆடியதைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். கோலார் தங்கவயலில் நாங்கள் அனுபவித்தது வேறு வகை. சுரங்கத்தின் ஆழத்தில் பாறை தானாகவே திடீரென்று உடைந்து தெறிப்பது. அதற்கு அங்கே ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பெயர்.

1980களின் ஆரம்பம். எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பாவுக்குச் சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட். நல்ல தூக்கத்தில், தரைக்கு அடியிலிருந்து யாரோ ஓங்கி உதைத்த மாதிரி ஒரே ஒரு குலுக்கல். அலமாரியில் சாய்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டுகள், அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன. கூரையிலிருந்து மண் பாயில் உதிர்ந்தது. அம்மா விளக்குகூடப் போடாமல் வாசலுக்குப் போய் நின்றாள். லைன் வீடுகள் எல்லாவற்றிலும் வாசலில் பெண்கள். யாரும் பேசவில்லை. ஆபத்துச் சங்கு ஊதுகிறதா என்றுதான் எல்லார் காதும்.

ஊதவில்லை. காலையில் அப்பா வந்து, கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கேட்டேன். “கீழே ஒரு இடத்துல கல்லு தெறிச்சிருக்கு. நம்ம பக்கம் இல்லடா” என்றார். அவ்வளவுதான்.

வெடி வைத்த சத்தம்தானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இல்லை. வெடிக்கு நேரம் உண்டு, இதற்குக் கிடையாது. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். அந்த ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் கனம் மட்டுமே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 800 கிலோ. தங்கம் ஓடும் வெள்ளைக்கல்லை (குவார்ட்ஸ்) வெட்டி எடுக்க எடுக்க, அது தாங்கிய சுமை பக்கத்துப் பாறைக்கு மாறும். களிமண்ணாக இருந்தால் மெல்லப் பிதுங்கிக் கொடுத்துவிடும். கோலார் பாறை அப்படிக் கொடுக்காது. கெட்டியானது, சுமையை உள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டு, தாங்க முடியாத நொடியில் படீரென்று உடையும். பழைய பிளவுகள் குறுக்கே ஓடும் இடங்களில் ஆபத்து இன்னும் அதிகம். இதைத் தடுக்கத்தான் வெட்டிய வெற்றிடத்தில் கருங்கல் அடுக்கிச் சுவர் எழுப்புவார்கள். அப்பா இருந்தது அந்தச் செட்டில்தான். பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஆழத்தில், வியர்வையில் நனைந்தபடி கல் சுமந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். இறைப்பு நின்று உள்ளே தண்ணீர் ஏறத் தொடங்கிய பிறகும் ஊரில் அதிர்வுகள் வந்துகொண்டுதான் இருந்தன. வெட்டுகிற ஆள் போய்விட்டாலும் கீழே பாறை அடங்கிவிடவில்லை.

அந்த ராத்திரிக்கு அப்புறம் அம்மா தட்டுகளைச் சாய்த்து வைப்பதே இல்லை. நடுநடுவே துணி வைத்துப் படுக்கையாக அடுக்குவாள். தட்டுச் சத்தத்தில் சங்கு கேட்காமல் போய்விடக் கூடாதாம். இப்போது பெங்களூரில் என்னோடுதான் இருக்கிறாள். இங்கேயும் துணி வைத்துத்தான் அடுக்குகிறாள்.