பால் கூட்டுறவுச் சங்கப் பேரவைக்கு உறுப்பினர்களை வரவழைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். நான் உறுப்பினராக உள்ள கிராமப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கத்தில், காலையும் மாலையும் பால் ஊற்ற வருபவர்களில் பெரும்பாலோர் ஆண்டுப் பேரவைக் கூட்டத்திற்கு வருவதில்லை. வருபவர்களும் போனஸ் எவ்வளவு என்று கேட்டறிந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தீவனக் கொள்முதல், உபரியில் ஊர்ப் பொதுக் காரியத்திற்கு ஒதுக்கும் தொகை ஆகியவற்றை ஐந்தாறு பேரே முடிவு செய்கிறார்கள். இதை மாற்ற வழி உண்டா?

பதில் 1:
உறுப்பினர் பதிவேட்டை முதலில் பாருங்கள். மாட்டைப் பராமரிப்பதும் பால் கறப்பதும் வீட்டுப் பெண்களாக இருக்க, பங்குத்தொகை கணவர் பெயரில் இருந்தால், பேரவைக்கு வர உரிமையுள்ளவருக்கு மாட்டைப் பற்றிய அக்கறையும், அக்கறை உள்ளவருக்கு வாக்கும் இருக்காது. வாக்குரிமை இல்லாத இணை உறுப்பினர்களும் இருந்தால், வருகை குறைவு என்ற கணக்கே தவறாகிவிடும்.

பதில் 2:
மேலே கூறியது சரிதான். எனினும் தமிழகத்தில் இதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2013இல் தேர்தல் நடக்கும் வரை பல சங்கங்களைப் பல ஆண்டுகளாக, தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவுக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர்களே நடத்தினார்கள். சங்கம் அரசு அலுவலகம்தான் என்ற எண்ணம் ஊரில் வேரூன்றிவிட்ட நிலையில், கூட்ட அறிவிப்பைப் பலகையில் ஒட்டினால் மட்டும் யாரும் வந்துவிட மாட்டார்கள்.

பதில் 3:
ஜப்பானின் சேய்கட்சு கிளப் என்னும் நுகர்வோர் கூட்டுறவு அமைப்பு 1965இல் டோக்கியோவில் சுமார் 200 பெண்கள் சேர்ந்து பால் வாங்கியதில் தொடங்கியது. நீங்கள் உற்பத்தியாளர்கள், அவர்கள் நுகர்வோர். ஆயினும் அவர்கள் கையாண்ட முறை உங்களுக்கும் பயன்படும். அக்கம்பக்கத்துச் சில குடும்பங்கள் ‘ஹான்’ என்னும் சிறு குழுவாகச் சேர்ந்து கொள்முதல் செய்ததால், பெரிய கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குபவர்கூட அங்கே தம் கருத்தைச் சொல்ல முடிந்தது. நீங்களும் பேரவைக்குச் சில வாரங்கள் முன்பே, பால் ஊற்றும் நேரம் முடிந்ததும், தெருவாரியாக உறுப்பினர்களை அழைத்துத் தணிக்கைக் குறிப்பின் முக்கியத் தொகைகளைப் படித்துக் காட்டுங்கள். ஊற்றிய பாலின் அளவுக்கேற்பவே போனஸ் பிரிக்கப்படுவதால், உபரி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதில் யாருக்கும் அக்கறை இல்லாமல் போகாது. தெருவுக்கு ஒருவர் அந்தக் கேள்விகளை எழுதி எடுத்துவந்து, பேரவையில் பதில் கேட்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பதிவேட்டை அடுத்த வாரம் பார்க்கிறேன். சிறு கூட்டங்களுக்குச் செயலாளர் இசைவாரா என்பது ஐயம்தான். பால் விலைக்கு அடிப்படையான கொழுப்பு அளவு குறித்து அவரிடம் ஏற்கெனவே பலர் மனத்தாங்கலில் இருக்கிறார்கள்.

பதில் 2 எழுதியவர்:
அப்படியானால் கொழுப்புப் பரிசோதனையையே முதல் கூட்டத்தின் பொருளாக வையுங்கள். அதற்கு ஆள் வராமல் இருக்காது.